மறு: ஃபெடரேஷன், டிஃபெடரேஷன் – தமிழில் எப்படிச் சொல்வது?

அனைவருக்கும் வணக்கம்.

மாஸ்டடான் என்ற சமூக வலைத்தள மென்பொருளைப் பலர் தத்தம் வழங்கிகளில் (சர்வர்) தனித்தனியே நடத்துகிறார்கள். ஒரு வழங்கியில் இருப்பவர் இன்னொன்றில் இருப்பவரைப் பின்தொடரும்படி அவை இணைந்திருப்பதுதான் ஃபெடரேஷன்; இன்னொரு வழங்கியோடு இணைய மறுப்பது டிஃபெடரேஷன். ஃபெடரேஷனுக்குக் ‘கூட்டாட்சி’ என்பதையே வைத்துக்கொள்ளலாம் என்று இந்த இழையில் இருவர் எழுதியிருக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. கூட்டாட்சி என்றதும் மேலே ஓர் அரசும் அதற்கு உட்பட்ட மாநிலங்களுமே நினைவுக்கு வரும். மாஸ்டடான் வழங்கிகளுக்கு மேலே அப்படி எவரும் இல்லை. வழங்கிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்வதற்காக, இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு 2018இல் பரிந்துரையாக வெளியிட்ட ஆக்டிவிட்டிபப் நெறிமுறை மட்டுமே அவற்றுக்குப் பொது. எவரோடு இணைவது என்பதை அந்தந்த வழங்கியின் நிர்வாகியே முடிவு செய்கிறார். இணைந்திருப்பதைக் கூட்டாட்சி என்று சொல்லிவிட்டால், இணைய மறுப்பது தானாகவே ‘பிரிவினை’ ஆகிவிடும். ஃபேஸ்புக்கை நடத்தும் மெட்டா நிறுவனத்தின் இன்னொரு சமூக வலைத்தளமான திரெட்ஸோடு இணைய மாட்டோம் என்று 2023இல் உறுதியெடுத்த சிறு வழங்கிகளை, வாதம் தொடங்கும் முன்பே அந்தச் சொல் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிடுகிறது.

‘கூட்டிணைவு’ நல்ல சொல்தான். ஆனால் இலங்கைத் தமிழில் ‘கூட்டிணைக்கப்பட்ட கம்பனி’ என்பது நெடுநாளாகப் புழங்கும் சட்டச் சொல். நிறுவனங்களிடமிருந்து விலகி நிற்கும் வலையமைப்புக்கு அதையே சூட்டுவது பொருந்தாது.

ஆகவே ‘ஒப்பிணைவு’ என்பதை முன்வைக்கிறேன். ஒப்பு என்பதில் உடன்பாடும் உண்டு, நிகர்மையும் உண்டு. ஒப்பிணை, ஒப்பிணைந்த வழங்கிகள் என்று வினையாகவும் எச்சமாகவும் இயல்பாக வருகிறது. சில நூறு பேர் உள்ள வழங்கியும், தொடங்கிய ஐந்து நாளில் பத்துக் கோடிப் பேரைச் சேர்த்த திரெட்ஸும் எப்படி நிகராகும் என்று கேட்கலாம். நெறிமுறையின் அளவில் இரண்டும் நிகரே. நடைமுறையில் அந்த நிகர்மை நிலைக்குமா என்பதுதான் இன்றைய சர்ச்சையே. கூகுளின் உரையாடல் சேவையான கூகுள் டாக் 2006இல் எக்ஸ்எம்பிபி என்ற திறந்த நெறிமுறை வழியாக வெளி வழங்கிகளோடு ஒப்பிணைந்தது; 2013இல் அதற்கு மாற்றாக வந்த ஹேங்அவுட்ஸில் அந்த வசதியே இல்லை. சிறு வழங்கிகளில் இருந்தோரின் நண்பர்கள் பலர் அதற்குள் கூகுள் பக்கம் இருந்ததால், இழப்பு முழுவதும் சிறியவர்கள் தலையில் விடிந்தது. ஒப்பு முறிந்த இடம் எது என்று காட்டவாவது சொல்லில் ஒப்பு இருக்கட்டும்.

2024 மார்ச்சில் திரெட்ஸ் மூன்று நாடுகளில் தொடங்கிய சேவையை ஒப்பிணைவு என்று நான் சொல்ல மாட்டேன். விரும்பிய திரெட்ஸ் பயனர்களின் இடுகைகள் மாஸ்டடான் போன்ற வெளி வழங்கிகளுக்குச் சென்றன. மாஸ்டடானிலிருந்து எழுதிய மறுமொழிகளை அவர்களால் திரெட்ஸுக்குள் பார்க்க முடியவில்லை. மெட்டாவே அதற்கு ஷேரிங் என்றுதான் பெயரிட்டது. நாமும் ‘பகிர்வு’ என்றே எழுதுவோம்.

டிஃபெடரேஷனுக்கு நண்பர் ஒருவர் சொன்ன ‘ஊர்விலக்கு’ வேண்டாம். அது ஊரே கூடி எளியவரை ஒதுக்கும் கொடுமை. இதுவோ ஒரு வீட்டார் தம் கதவைத் தாமே சாத்திக்கொள்வது. தவிர, மாஸ்டடான் நிர்வாகிக்கு இதில் இரண்டு படிகள் உள்ளன. முதல் படியான லிமிட்டில், விலக்கப்படும் வழங்கியின் இடுகைகள் எல்லோருக்குமான பொது ஓடையில் தோன்றா. பின்தொடர்வோருக்கு மட்டும் தெரியும். இதை மட்டுறுத்தல் என்று எழுதினால் இடுகைகளைக் கண்காணித்து ஒழுங்குபடுத்தும் மாடரேஷனோடு குழம்பும் என்பதால் ‘வரம்பிடல்’ எனலாம். இரண்டாம் படியான சஸ்பெண்டைத் ‘தற்காலிக நிறுத்தம்’ என்று பெயர்ப்பது ஆபத்தானது. அதைச் செய்த கணமே இருபுறத்துப் பின்தொடர்தல்களும் அறுபடுகின்றன. பிறகு தடையை நீக்கினாலும் அவை மீள்வதில்லை. இடைமுகத்தில் ‘தற்காலிக’ என்று படித்துவிட்டு ஒரு நிர்வாகி பொத்தானை அழுத்தினால், அவருடைய பயனர்களின் தொடர்புகள் போனது போனதுதான். இதற்கு ‘இணைவறுப்பு’ என்பதே நேர்மையான சொல்.

திரெட்ஸைப் பொறுத்தவரை வரம்பிடலே போதும் என்பது என் கருத்து. அங்குள்ள நண்பரைத் தொடர விரும்புவோரை நிர்வாகி தடுக்க வேண்டியதில்லை. பொது ஓடை அந்நிறுவனத்தின் இடுகைகளால் நிரம்பவும் வேண்டியதில்லை. ஆனால் துன்புறுத்தலுக்கு அஞ்சி ஒதுங்கி வாழ்வோருக்காக நடத்தப்படும் வழங்கிகள் இணைவறுப்பைத் தேர்ந்தால் அதில் தவறு காண மாட்டேன்.

ஒப்பிணைவு, வரம்பிடல், இணைவறுப்பு ஆகிய மூன்றுக்கும் மறுப்பு இருப்போர் மாற்றுச் சொல்லோடு எழுத வேண்டுகிறேன். இப்படி இணைந்த வழங்கிகள் எல்லாம் சேர்ந்த வலையமைப்பான ஃபெடிவெர்ஸுக்கு ‘ஒப்பிணையம்’ பொருந்துமா என்பதைத் தனி இழையில் பேசலாம்.