மூச்சிழுக்கும்போது ‘கர்ர்’ சத்தம், ஏழு வாரக் குழந்தைக்குச் சளியா?

நித்யா_திண்டுக்கல்:
என் மகனுக்கு ஏழு வாரம். பிறந்து இரண்டு வாரத்தில் இந்தச் சத்தம் ஆரம்பித்தது. மல்லாக்கப் போட்டாலோ அழுதாலோ அதிகமாகிறது, தோளில் போட்டால் குறைகிறது. காய்ச்சல் இல்லை, மூக்கும் ஒழுகவில்லை. சளி கட்டியிருக்கிறது, நாட்டு வைத்தியரிடம் தொண்டையில் விரல் விட்டுத் தொக்கம் எடுக்கலாம் என்கிறார் மாமியார். டாக்டர் லாரிங்கோமலேசியாவாக (குரல்வளையின் மேல்பகுதி தளர்ந்திருப்பது) இருக்கலாம் என்று ஈஎன்டியிடம் அனுப்புகிறார். மூக்கு வழியாகக் குழாய் விட்டுப் பார்ப்பார்களாம். இத்தனூண்டு பிள்ளைக்கு அது தேவையா?

கயல்அம்மா:
தொக்கம் எடுக்க மட்டும் கூட்டிப் போகவே போகாதே நித்யா. என் மகளுக்கும் இதேதான். குரல்வளைக்கு மேலே உள்ள சவ்வும் குருத்தெலும்பும் பிறவியிலேயே தொளதொளவென்று இருக்கும். மூச்சிழுக்கும்போது அது உள்ளே மடிந்து விழுகிறது, அந்த இடுக்கில் காற்று நுழையும் சத்தம்தான் நீ கேட்பது. இல்லாத சளியை எங்கிருந்து எடுப்பார்கள்? விரல் விட்டால் தொண்டை வீங்கி மூச்சே அடைத்துவிடலாம்.

குழாய்க்குப் பயப்படாதே. மெல்லியது, நுனியில் கேமரா. மயக்க மருந்து தரவில்லை, என் மடியிலேயே வைத்துப் பார்த்தார்கள். அழுதாள், தோளில் போட்டதும் அடங்கினாள்.

ஆறு, எட்டு மாதம் வரை சத்தம் கூடலாம். பெரும்பாலான பிள்ளைகளுக்கு இரண்டு வயதுக்குள் போய்விடும். நான் எடையைத்தான் கவனித்தேன். நிமிர்த்திப் பிடித்து, நிறுத்தி நிறுத்திப் பால் கொடுப்பேன், அப்புறம் அரைமணி நேரம் தோளில். இந்தப் பிள்ளைகளுக்குப் பால் எதுக்களிப்பதும் கூடவே வரும். வீட்டில் சாம்பிராணி போட்டால் நிறுத்திவிடு.

குழந்தைப்பிரிவு_நர்ஸ்:
உதடு நீலமாவது, மூச்சு நின்று நின்று வருவது, ஒவ்வொரு மூச்சுக்கும் கழுத்துக்குழியும் விலா இடுக்கும் ஆழமாக உள்ளே போவது, இதில் எதைப் பார்த்தாலும் உடனே 108ஐக் கூப்பிடுங்கள். எடை ஏறாவிட்டால் அறுவை சிகிச்சை தேவைப்படலாம். வாய் வழியாகவே செய்வார்கள், வெளியே தையல் இருக்காது. மூச்சை விடும்போதும் சத்தம் வந்தால் கோளாறு வேறாக இருக்கலாம், அதற்காகவும் கேமரா வேண்டும். குப்புறப் போட்டால் சத்தம் குறையும், ஆனாலும் தூங்க வைப்பது மல்லாக்கத்தான்.

நித்யா_திண்டுக்கல்:
பிறந்தபோது 2.9 கிலோ, நேற்று 4.2. நீலமெல்லாம் இல்லை. ஈஎன்டிக்கு வியாழக்கிழமை போகிறோம். அத்தையிடமும் இதைப் படித்துக் காட்டினேன், சரி என்றுவிட்டார்.

கயல்அம்மா:
நல்லா ஏறியிருக்கிறதே! சத்தம் வரும்போது சட்டையைக் கழற்றி, நெஞ்சு தெரிகிற மாதிரி போனில் வீடியோ எடுத்து வை. டாக்டர் முன்னால் பிள்ளை அமைதியாக இருந்துவிடும்.