கொல்லையில் தண்ணீர் வடியாத இடம்: எதை நடலாம், மண்ணை என்ன செய்யலாம்? (தோட்டக்காரர்கள் மூவரின் பதில்கள்; ஒவ்வொரு பதிலுக்கும் முன்னால் இருப்பது அவரவர் புனைபெயர்.)

குடந்தைக் கொல்லை: செடி வாங்குவதற்கு முன் ஓரடி ஆழக் குழி வெட்டித் தண்ணீர் ஊற்றுங்கள். வடிந்ததும் மறுபடி நிரப்புங்கள். இரண்டாவது முறை ஊற்றிய தண்ணீர் மறுநாளும் நின்றால் பப்பாளி, முருங்கை வேண்டவே வேண்டாம். பப்பாளிக்கு வேரடியில் இரண்டு நாள் தண்ணீர் நின்றாலே போதும், அழுகிச் சாய்ந்துவிடும். குழியின் பக்கச் சுவரையும் பாருங்கள். நீலம் பாய்ந்த சாம்பல் நிறமும் அழுகிய முட்டை வாடையும் இருந்தால் உள்ளே காற்றே இல்லை. துரு நிறத் திட்டுகள் தெரிந்தால் தண்ணீர் ஏறி இறங்குகிற மண். அங்கே முக்கால் அடி மேட்டுப்பாத்தி போட்டுப் பல செடிகளைத் தேற்றலாம்.

வண்டல்மண்: களிமண்ணில் ஆற்றுமணல் கொட்டினால் சரியாகும் என்று பலரும் சொல்கிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். கொஞ்சம் மணல் கலந்த களி, காய்ந்ததும் செங்கல்லாக இறுகிவிடும். நன்கு மக்கிய தொழுவுரம்தான் மண்ணைப் பொலபொலப்பாக்கும். பச்சைச் சாணம் கூடாது. அது மக்கும்போது மிச்சமிருக்கிற காற்றையும் இழுத்துக்கொள்ளும்.

மூலிகைப்பாத்தி: சேறாகவே கிடக்கிற இடத்துக்கு வசம்பு அருமையான பயிர். முளையுள்ள கிழங்குத் துண்டுகளை ஓரடிக்கு ஒன்றாகச் சேற்றில் பதியுங்கள். முதலில் இரண்டு அங்குலத் தண்ணீர் போதும். வளர்ந்தபின் நான்கு அங்குலம் நிற்கலாம். ஒரு வருடம் கழித்து அடியிலைகள் மஞ்சளானதும் தண்ணீரை வடித்துவிட்டுத் தோண்டுங்கள். கிழங்கு முழுசாக வரும்.

குடந்தைக் கொல்லை: சேப்பங்கிழங்குக்கு ஈரம் பிடிக்கும், ஆனால் கிழங்கு பருக்க வரப்புமேல் நடவேண்டும். அடைமழையில் இலையில் நீர்கோத்த வட்டப் புள்ளிகள் வந்தால் இலைக்கருகல். அந்த இலைகளை உடனே அறுத்து அப்புறப்படுத்துங்கள். நெருக்கி நட்ட பாத்தியில் மளமளவென்று பரவும்.

வண்டல்மண்: வல்லாரை அரைநிழலில் கணுவுக்குக் கணு வேர்விட்டுப் படரும். ஆனால் சாக்கடை ஓரத்தில் வளர்ந்ததைத் தின்னாதீர்கள் அண்ணே, மண்ணிலுள்ள கன உலோகங்களை இலை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். பாத்திரம் கழுவிய தண்ணீர் போகிற இடத்தில் கல்வாழை வையுங்கள். பூத்து முடிந்த தண்டை அடியோடு வெட்டினால்தான் பக்கக்கன்று தழைக்கும்.