√4-உம் விகிதமுறா எண்ணா? வகுப்பில் நடந்ததைச் சொல்லுங்கள்

உயர்நிலை வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறேன். "√2 ஒரு விகிதமுறா எண் என நிறுவுக", அதாவது முழு எண்களின் பின்னமாக அதை எழுத முடியாது என்று காட்டு என்றால், என் மாணவர்கள் தூக்கத்தில்கூட எழுதிவிடுவார்கள். √2 = a/b, பொதுக் காரணி இல்லை, a² = 2b², எனவே a இரட்டை, b-யும் இரட்டை, முரண்பாடு. முழு மதிப்பெண்.

போன மாதம் ஒரு மாணவி எழுந்து, "மிஸ், 2 வர்ற இடத்துல எல்லாம் 4 போட்டுப் பார்த்தேன். √4-உம் விகிதமுறா எண்ணுன்னு வருது" என்றாள். நோட்டை வாங்கிப் பார்த்தேன். a² = 4b², எனவே a²-ஐ 4 வகுக்கும், எனவே a-ஐயும் 4 வகுக்கும். a = 4c என்றால் b² = 4c², b-ஐயும் 4 வகுக்கும், முரண்பாடு. நான் கரும்பலகையில் எழுதிக் கொடுத்த அதே வரிகள். ஆனால் √4 என்பது 2 ஆயிற்றே!

பதிலை நான் சொல்லவில்லை. வகுப்பையே தேட விட்டேன், இருபது நிமிடம் ஆனது. கடைசி பெஞ்சிலிருந்து ஒருவன் 6-ஐப் பிடித்தான். 6² = 36. 36-ஐ 4 வகுக்கும், 6-ஐ வகுக்காது. "a²-ஐ வகுத்தால் a-ஐயும் வகுக்கும்" என்ற வரி 2-க்குச் செல்லுபடியாவது அது பகா எண் என்பதால்தான். இத்தனை வருடமாக "தேற்றத்தின்படி" என்று ஒரே வார்த்தையில் நான் தாண்டிப் போன இடம் அது. இப்போதெல்லாம் √2 முடிந்த கையோடு √4-ஐயும் எழுதச் சொல்கிறேன்.

உங்களுக்கும் இப்படி ஏதாவது நடந்திருக்கிறதா?

மறுமொழி 1

என் மகனுக்கு முடிவுறு தசமத்தில் இதே கதை. பின்னத்தின் பகுதியில் (கீழே உள்ள எண்ணில்) பகாக் காரணிகளாக 2, 5 தவிர வேறு எதுவும் இருந்தால் தசமம் முடியாது என்று மனப்பாடம் செய்திருந்தான். 6/15-ஐப் பார்த்ததும், 15-ல் 3 இருக்கிறது, முடியாது என்று எழுதிவிட்டான். வகுத்துப் பார் என்றேன். 0.4 வந்தது. முதலில் சுருக்க வேண்டும் என்பது அப்போதுதான் உறைத்தது.

அப்புறம் 7/80-ஐ வகுக்காமலே தசமமாக்கச் சொன்னேன். 80-ல் நான்கு 2, ஒரு 5. இன்னும் மூன்று 5 சேர்ந்தால் பகுதி 10000. மேலும் கீழும் 125-ஆல் பெருக்கி 875/10000, அதாவது 0.0875 என்று அவனே எழுதினான். 2-உம் 5-உம் எதற்கு என்று அதன் பிறகு அவன் கேட்கவே இல்லை. 10-ஐ உண்டாக்கத்தான் என்று புரிந்துவிட்டது.

மறுமொழி 2

நான் நிரல் எழுதுபவன். 0.1 + 0.2 போட்டால் 0.30000000000000004 என்று வந்ததைப் பார்த்து ஒரு நாள் முழுக்கப் பிழை தேடியிருக்கிறேன். விடை பள்ளிப் பாடத்திலேயே இருந்தது. கணினி எண்ணுவது இரண்டடிமானத்தில் (0, 1 மட்டும் வைத்து), அங்கே 10-க்குப் பதில் 2-தான் அடிமானம், எனவே 2 மட்டும்தான் காரணி. 1/10-ன் பகுதியில் 5 இருப்பதால் அது அங்கே முடியாமல் சுழல்கிறது.

மறுமொழி 3

கால்குலேட்டரில் √2-க்கு 1.414213562 என்று முடிந்துவிடுகிறதே என்று கேட்கும் பிள்ளைகளிடம் நான் ஒன்று கேட்பேன். அதன் கடைசி இலக்கம் 2. வர்க்கப்படுத்தினால் கடைசி இலக்கம் என்ன? 4. அப்படியானால் விடை எப்படிச் சரியாக 2.000… ஆகும்? 1-லிருந்து 9 வரை எந்த இலக்கத்தின் வர்க்கமும் 0-வில் முடியாது. ஆகவே எத்தனை இலக்கம் எழுதினாலும் முடிவுறு தசமம் ஒன்றின் வர்க்கம் 2 ஆகவே ஆகாது.

தொடங்கியவர்

மறுமொழி 3-ஐ நாளைக்கே வகுப்பில் சொல்லப் போகிறேன், நன்றி! முடிவுறு தசமம் இல்லை என்பது இதில் பளிச்சென்று தெரிகிறது. சுழல் தசமமும் ஒரு பின்னம்தான் என்பதால், அதுவும் இல்லை என்று காட்ட a/b நிரூபணம் எப்படியும் வேண்டும். இரண்டையும் அடுத்தடுத்து வைத்தால் நன்றாக இருக்கும்.

அந்த மாணவி இப்போது √6-ல் நிற்கிறாள். "6 பகா எண் இல்லையே மிஸ், அப்புறம் ஏன் இதுல மட்டும் நிரூபணம் உடையல?" பலகையில் 4 = 2 × 2, 6 = 2 × 3 என்று பக்கத்தில் பக்கத்தில் எழுதிவிட்டு வந்திருக்கிறேன்.