கையில் பிடித்திருக்கும் படத்துக்கும் வெளிச்சம் பார்க்க வேண்டும்

இலங்கையில் போர்க்காலத்தில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர்கள் நடத்தும் போராட்டங்களின் படங்களைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். அம்மாவின் முகம் துல்லியமாக இருக்கும், கண்ணீர்கூடத் தெரியும். அவர் நெஞ்சோடு பிடித்திருக்கிற மகனின் முகம் மட்டும் வெள்ளையடித்துக் கிடக்கும். 2017 பெப்ரவரி 20 அன்று கிளிநொச்சியில் தொடர் போராட்டம் தொடங்கிய நாளில் இருந்து இப்படி எத்தனையோ படங்கள் வந்துவிட்டன. புகைப்படக்கலை படிக்க வந்த பிறகுதான் இது எனக்கு உறுத்தத் தொடங்கியது. யாரைத் தேடி அந்த அம்மா வெயிலில் நிற்கிறாரோ, அவரைத்தான் படம் பிடிக்கிறவர்கள் இன்னொரு தரம் காணாமல் ஆக்குகிறோம்.

காரணம் படத்துக்கு மேலே ஒட்டுகிற பிளாஸ்டிக் லமினேற்றும் சூரியனும். யாழ்ப்பாணம் இருக்கிற அகலாங்குக்கு ஏப்ரல் நடுப்பகுதியிலும் ஓகஸ்ட் கடைசியிலும் நண்பகல் வெயில் நேர் உச்சியில் நிற்கும். காணாமல் ஆக்கப்பட்டோர் நாள் ஓகஸ்ட் 30. கை உளைய உளைய, படம் ஒட்டின மட்டையை நெஞ்சில் சாய்ப்பார்கள், அதன் மேல் விளிம்பு பின்னுக்குச் சரியும். 45 பாகையளவு சரிந்தால் போதும், உச்சி வெயில் முழுவதும் பளபளப்பில் பட்டு எதிரே நிற்கிற கமராவுக்குள் வந்து விழும். நிமிர்த்திப் பிடித்தால் அதே வெயில் நிலத்துக்குப் போய்விடும். லென்ஸில் தெறிப்பைக் குறைக்கிற போலரைசர் கண்ணாடி போட்டால் கொஞ்சம் குறையும், நேர் வெயிலை அது முழுதாக வெட்டாது.

நகரில் நடந்த ஒரு கவனயீர்ப்பில் ஒரு அம்மாவிடம் கேட்டேன்: "அம்மா, மட்டையை ஒருக்கா நேரா நிமித்திப் பிடிப்பீங்களோ? மகன்ர முகம் தெரியேல்லை." அவர் நிமிர்த்தினார். பக்கத்தில் நின்றவர்களும் ஒருவர் பின் ஒருவராக நிமிர்த்தினார்கள். எடுத்துவிட்டுத் திரையில் காட்டினேன். தன்னை அவர் பார்க்கவேயில்லை. மகனை மட்டும் பெரிதாக்கிக் காட்டச் சொன்னார். பிறகு கேட்டார்: "தம்பி, நீர் படத்தையே படம் பிடிச்சுத் தருவீரோ? இது கொப்பியின்ர கொப்பி. முதல் படம் வீட்டில இருக்கு."

வலிகாமத்தில் அவர் வீடு. றங்குப்பெட்டிக்குள் காணி உறுதி, பிறப்பத்தாட்சி, அவற்றுக்குக் கீழே பொலித்தீனில் சுற்றின ஒரு கடித உறை. 1995 ஒக்டோபர் 30 அன்று போரால் இடம்பெயர்ந்து சனம் எல்லாம் நாவற்குழிப் பாலத்தால் தென்மராட்சிக்குப் போனபோது அந்தப் பெட்டியில் இருந்ததெல்லாம் ஒரு உரப்பையில் போனதாம். மகனின் படத்தை எடுத்தது அதற்குப் பிறகு. பாஸ்போட் அளவு, கறுப்பு வெள்ளை. ஏதோ விண்ணப்பப் படிவத்தில் இருந்து கழற்றியது, வலது தோளில் ஊதா நிறத்தில் அரை வட்ட முத்திரை. இடது புருவத்துக்கு மேலே ஒரு மடிப்புக் கோடு. விளிம்புகளில் கண்ணாடிபோல ஒரு நீலப் பளபளப்பு. கறுப்பு வெள்ளைப் படம் என்பது வெள்ளித் துகள். ஈரப்பதனில் அந்த வெள்ளி மேலே வந்து இப்படி மினுங்கும். ஆனாலும் அதுதான் நிலைக்கிறது. அதே உறையில் இருந்த கலர்ப் படங்கள் எல்லாம் சிவந்து போயிருந்தன.

விறாந்தையில் செய்தோம், வெயில் நேரே படாமல் வெளிச்சம் மட்டும் வருகிற இடத்தில். படத்தை நிலத்தில் வைத்து, முக்காலியில் கமராவைக் கீழ்நோக்கித் திருப்பினேன். கமராவும் படமும் சமாந்தரமாக இருக்கின்றனவா என்று பார்க்க ஒரு பழைய வழி உண்டு: படம் இருக்கிற இடத்தில் சின்ன முகக்கண்ணாடி ஒன்றை வையுங்கள், கண்ணாடிக்குள் தெரிகிற லென்ஸ் கமராத் திரையின் நட்ட நடுவில் வந்தால் சரி. ஒரு பக்கத்து வெளிச்சம் மட்டும் விழுந்தால் கடுதாசியின் சொரசொரப்பு எல்லாம் எழும்பும், மற்றப் பக்கத்தில் ஒரு வெள்ளை மட்டையை நிறுத்திச் சமப்படுத்த வேண்டும். லென்ஸின் துவாரம் எஃப் 8, ஒளியுணர்வு ஐஎஸ்ஓ 100, கமரா அசையாமல் இருக்கப் பத்து விநாடி ரைமர், கமரா பதிந்ததை அப்படியே வைக்கிற ரோ கோப்பு. மேலே வெள்ளைச் சீலிங் படத்தில் பட்டுத் தெறித்தது. அம்மா உள்ளே போய்க் கறுப்புக் குடை ஒன்றைக் கொண்டுவந்து விரித்து, கமராவுக்கு மேலே பிடித்துக்கொண்டு நின்றார். தெறிப்பு போய்விட்டது. எடுத்து முடியும் வரை குடை அசையவில்லை.

இதற்கிடையில் கனடாவில் இருக்கிற சொந்தக்காரர் ஒருவர் அந்தக் கொப்பியைச் செயற்கை நுண்ணறிவு அப் ஒன்றில் போட்டு வட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார். அன்பில் செய்த வேலை, அதைக் குறை சொல்ல மாட்டேன். தோல் வழுவழுவென்று, கண் இரண்டும் பளிச்சென்று. அம்மா கனநேரம் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். "வடிவாத்தான் இருக்கு தம்பி. ஆனா இது ஆற்றையோ பிள்ளை." மகள்தான் விளங்கப்படுத்தினார். அண்ணாவின் இடது இமை பிறந்ததில் இருந்தே கொஞ்சம் தாழ்ந்திருக்கும். அப் அதைச் சரிசெய்துவிட்டது.

இதைத்தான் இங்கே அழுத்திச் சொல்ல வந்தேன். அந்த அப்கள் மங்கின முகத்தை மீட்பதில்லை. மங்கின இடத்தில் தாங்கள் பார்த்துப் பழகின ஆயிரமாயிரம் முகங்களில் இருந்து பொருத்தமாக ஒன்றைப் போட்டு நிரப்புகின்றன. கலியாண அல்பத்துக்கு அது பரவாயில்லையாக இருக்கலாம். ஆனால் இந்தப் படங்கள் கோப்புகளில் வைக்கப்படுகின்றன, "இவரைக் கண்டீர்களா" என்று கேட்டுக் காட்டப்படுகின்றன. தாழ்ந்த இமையை நிமிர்த்தினால் அடையாளமே போய்விடுகிறது.

முன்பு ஸ்ரூடியோக்காரர் திருத்தவில்லையா என்று சக மாணவர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்வி. நகரில் முந்தி ஸ்ரூடியோ வைத்திருந்த ஒரு ஐயாவிடம் போய்க் கேட்டேன். நெகடிவில் பென்சிலைக் கூராக்கி வைத்துப் பரு, தழும்பு எல்லாம் மறைத்தவர். கறுப்பு வெள்ளைப் படத்துக்குக் கையாலேயே கன்னத்தில் நிறம் பூசினவர். அவர் சொன்ன பதிலுக்கு மேலே எனக்கு வேறு பதில் கிடைக்கவில்லை: "நான் திருத்தேக்குள்ள அந்த ஆள் எனக்கு முன்னால கதிரையில இருந்தது. முகத்தைப் பார்த்துத்தான் பென்சில் வைச்சனான். பிழையெண்டால் படத்தை வாங்க வரேக்குள்ள சண்டை பிடிக்கும்."

அதனால் நான் இப்போது செய்வது இவ்வளவுதான். எடுத்த கோப்பு ஒன்று தொடாமலே இருக்கும். இன்னொன்றில் வெளிச்சமும் கறுப்பு வெள்ளையின் அளவும் மட்டும் சரிப்படுத்துவேன். தூசியைப் பின்னணியில் துடைப்பேன், முகத்தில் கை வைப்பதில்லை, மடிப்புக் கோடும் அப்படியே இருக்கும். ஏ4 அளவில் அச்சிட 2480க்கு 3508 பிக்சல் தேவை, இந்தக் காலத்துக் கமராக்கள் எல்லாம் அதைத் தாண்டும். அச்சு மினுக்கமில்லாத கடுதாசியில், லமினேற்றும் மினுக்கமில்லாதது. கேட்டால் கடையில் கிடைக்கும், கேட்காவிட்டால் பளபளப்பானதைத்தான் போட்டுத் தருவார்கள்.

படத்தின் பின்பக்கத்தையும் கட்டாயம் எடுங்கள். ஸ்ரூடியோ முத்திரை, நெகடிவ் இலக்கம், யாரோ பேனையால் எழுதின திகதி எல்லாம் அங்கேதான் இருக்கும். அந்த அம்மாவின் படத்துக்குப் பின்னால் மகனின் கையெழுத்தில் பெயரும் பாடசாலைச் சுட்டிலக்கமும் இருந்தன. அதையும் ஏ4 அளவில் அச்சிட்டுத் தரச் சொன்னார், இரண்டு பிரதி.

இப்போது அதே ஒழுங்கையில் இன்னொரு வீட்டில் கேட்டிருக்கிறார்கள். அங்கே படம் சட்டத்துக்குள் கண்ணாடியோடு ஒட்டிப்போய் இருக்கிறது, பூஞ்சணமும் பிடித்திருக்கிறது. உரித்தால் முகம் கண்ணாடியோடு வந்துவிடும், அதனால் கண்ணாடிக்கு மேலாகத்தான் எடுக்கப் போகிறேன். கண்ணாடியில் ஒரு கீறலும் உண்டு, அது கழுத்துக்குக் குறுக்கே நிழல் விழுத்துகிறது. இப்படி எடுத்துப் பழகினவர்கள் யாராவது இருந்தால் வெளிச்சத்தை எந்தச் சரிவில் வைத்தீர்கள் என்று எழுதுங்கோ.