தாத்தா எங்கே என்று குழந்தை கேட்டபோது

அத்தை, இரவு 8:10
வெள்ளிக்கிழமை அண்ணனின் முதல் திதிக்கு ஸ்ரீரங்கம் அம்மா மண்டபப் படித்துறை ஐயரிடம் சொல்லியாகிவிட்டது. எள்ளும் தர்ப்பையும் அவரே கொண்டுவருவார். வாழைக்காய் மட்டும் நாம் வாங்க வேண்டும். தம்பி, உன்னிடம் இன்னொன்றும் கேட்க வேண்டும். "தாத்தா இப்போது எங்கே இருக்கிறார்?" என்று குழந்தை கேட்டதற்கு நீ "தெரியாது" என்று சொன்னாயாமே? சாமியிடம் போய்விட்டார் என்று சொன்னால் உனக்கு என்ன குறைந்துவிடும்?

நான், 8:16
ஒன்றும் குறையாது அத்தை. ஆனால் எனக்குத் தெரியாததைத் தெரிந்ததுபோல் அவளிடம் சொல்ல வாய் வரவில்லை. சொல்லியிருந்தால், அங்கே போன் பேச முடியுமா என்று அடுத்த கேள்வி வந்திருக்கும்.

சித்தப்பா, 8:21
தெரியாது என்பது நழுவல். 2006இல் ஸ்ரீரங்கம் கோயிலுக்கு எதிரே பெரியார் சிலை வந்தபோது நம் தெருவே இரண்டுபட்டது. அன்றும் இப்படி நடுவில் நின்றவர்களைப் பார்த்திருக்கிறேன். இல்லை என்றால் இல்லை என்று சொல்லிவிடு. மதில்மேல் பூனையாக ஏன் உட்கார்ந்திருக்கிறாய்?

நான், 8:34
பூனை எந்தப் பக்கம் குதிக்கலாம் என்று பார்த்துக்கொண்டிருக்கும் சித்தப்பா. எனக்குக் குதிக்கும் எண்ணமே இல்லை. கடவுள், மறுமை பற்றி உண்டென்றும் இல்லையென்றும் அறிய முடியாது என்பவரைக் குறிக்கும் 'அக்னாஸ்டிக்' என்ற சொல்லை 1869இல் உருவாக்கிய ஆங்கிலேய உயிரியலாளர் தாமஸ் ஹக்ஸ்லி, அதற்கு ஒன்பது ஆண்டுகளுக்கு முன்பு, நான்கு வயதுகூட நிரம்பாத மூத்த மகனைக் காய்ச்சலுக்குப் பறிகொடுத்தவர். ஆறுதல் சொல்லி எழுதிய பாதிரியார் நண்பர் கிங்ஸ்லிக்கு அவர் அனுப்பிய பதிலில், மனிதனுக்கு மரணமின்மை உண்டு என்று தாம் சொல்லவுமில்லை, மறுக்கவுமில்லை என்றும், நம்பக் காரணம் தெரியவில்லை, பொய்யென்று காட்டவும் வழியில்லை என்றும் எழுதினார். பிள்ளையைப் புதைத்த அதே மாதத்தில் எழுதியதை எப்படி நழுவல் என்பது?

அத்தை, 8:37
வெள்ளைக்காரர் துக்கம் நமக்கு எதற்கு?

பெரியப்பா, 8:52
அவ்வளவு தூரம் போக வேண்டாம் அம்மா, உறையூர் வரை போனால் போதும். அங்கிருந்து ஆண்ட கோப்பெருஞ்சோழன், பெற்ற பிள்ளைகளோடு பகையாகி, வடக்கிருந்து, அதாவது வடக்கு நோக்கி உண்ணாமல் இருந்து, உயிர்விடத் துணிந்தபோது பாடியது புறநானூற்றின் 214ஆம் பாட்டு. நல்வினைக்குப் பயன் உண்டென்றால் மேலுலக இன்பம் கிடைக்கலாம். அந்த இன்பம் இல்லையென்றால் மறுபடி பிறவாமல் இருக்கலாம். அதுவும் இல்லையென்றாலும் இமயச் சிகரம்போல் புகழை நிறுத்தி, பழியற்ற உடம்போடு மாய்வது மிக நல்லது என்கிறான். சாகப்போகிறவன், அடுத்து என்ன என்பதை 'உண்டெனின்', 'இல்லெனின்' என்று இரண்டு பக்கமும் திறந்தே வைக்கிறான். முப்பது ஆண்டுகள் வகுப்பில் நடத்தினேன். தம்பி போன பிறகுதான் அந்த 'எனின்' என் காதில் விழுந்தது.

அத்தை, 8:58
பெரிய அண்ணனே அவன் பக்கம் பேசினால் நான் என்ன சொல்வது? சரி, உண்டா இல்லையா என்றே தெரியாதவன் இறைக்கும் எள்ளும் தண்ணீரும் அவருக்குப் போய்ச் சேருமா?

நான், 9:09
சேருமா என்பதும் எனக்குத் தெரியாது அத்தை. ஆடி அமாவாசைதோறும் அப்பா தாத்தாவுக்காகக் காவிரியில் முழங்கால் தண்ணீரில் நிற்பார். நான் அவருடைய கைக்கடிகாரத்தையும் சட்டையையும் வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்திருப்பேன். ஒரு முறை வீட்டில் இலை போட்டு வைத்தபோது, காகம் சோற்றைத் தொடாமல் வடையை மட்டும் கொத்திக்கொண்டு போனது. "உன் தாத்தாவும் அப்படித்தான்" என்றார், முகத்தில் சிரிப்பே இல்லாமல். நம்பிச் சொன்னாரா, என்னைச் சிரிக்கவைக்கச் சொன்னாரா என்று கடைசிவரை நான் கேட்கவில்லை. வெள்ளிக்கிழமை நான் தண்ணீரில் இறங்குவேன்.

சித்தப்பா, 9:12
நான் மண்டபத்துக்கு வெளியே நிற்பேன். வாழைக்காய் என் பொறுப்பு.

அத்தை, 9:15
காலை ஆறு மணிக்கு வந்துவிடுங்கள். தம்பி, குழந்தையையும் அழைத்து வா. மறுபடி கேட்டால் சாமியிடம்தான் இருக்கிறார் என்று நான் சொல்வேன். நீ குறுக்கே பேசக் கூடாது.

நான், 9:16
பேச மாட்டேன் அத்தை. என் பக்கம் திரும்பி "அப்படியா அப்பா?" என்று அவள் கேட்டால் மட்டும், முன்பு சொன்னதையே சொல்வேன்.

அத்தை, 9:20
கேட்பாள். உன் பெண்தானே.