போனேர் டைவ் ரிசார்ட் கைமாறிவிட்டதாம், சமீபத்தில் போனவர்கள் யாராவது உண்டா?

கடலோடி:
2016-லும் 2019-லும் நானும் மனைவியும் கரீபியன் கடலில் இருக்கும் போனேர் தீவில் ஒரே டைவ் ரிசார்ட்டில்தான் தங்கினோம். பெயர் இங்கே வேண்டாம். வசதி என்று பெரிதாக ஒன்றும் கிடையாது, ஏசி இரவெல்லாம் சத்தம் போடும், ஆனால் விடியும் முன்பே எழுந்து காற்று டேங்கை மாட்டிக்கொண்டு படகுத்துறை ஏணியில் இறங்கினால் நேராகப் பவளப்பாறைதான், யாரையும் கேட்க வேண்டியதில்லை, அதற்காகவே இரண்டாவது முறையும் போனோம். இப்போது வேறு ஆள் வாங்கிவிட்டாராம். மார்ச்சுக்கு முன்பணம் கட்டிய பிறகுதான் எனக்கே தெரிந்தது. இணையதளத்தில் புது நீச்சல் குளம், புது பார், புதிதாக வெள்ளையடித்த அறைகள் என்று படங்கள் நிறைய இருக்கின்றன. டைவ் கடையின் படம் ஒன்றுகூட இல்லை. அது உறுத்துகிறது. இந்த முறை மகளும் வருகிறாள், 15 வயது, இப்போதுதான் டைவ் சான்றிதழ் வாங்கியிருக்கிறாள். உள்ளதைச் சொல்லுங்கள்.

நீலக்கரை:
நவம்பரில் பத்து நாள் இருந்தேன், நீங்கள் சொல்வது அதே இடம்தான் என்று நினைக்கிறேன். அறைகள் நிஜமாகவே நன்றாக இருக்கின்றன, காலைச் சாப்பாடும் பரவாயில்லை. ஆனால் டைவ் கடையில் பழைய ஆட்களில் ஒருவர்தான் மிச்சம். எட்டு மணிக்குத் திறந்து ஐந்துக்குப் பூட்டுகிறார்கள், டேங்கெல்லாம் உள்ளே, அதனால் விடியற்கால டைவும் இல்லை இரவு டைவும் இல்லை. ஏணியின் கீழ்ப்படி ஒன்று துருப்பிடித்து ஆடுகிறது, நான்கு நாள் தொடர்ந்து சொன்னேன், கடைசிவரை அப்படியேதான் இருந்தது.

எனக்குக் கோபம் வந்தது வேறு விஷயத்தில். ஆக்சிஜன் 32 சதவீதம் என்று ஒட்டியிருந்த நைட்ராக்ஸ் (ஆக்சிஜன் கூட்டிய காற்று) டேங்கை, ஆக்சிஜன் அளக்கும் என் சொந்த அனலைசரில் பார்த்தால் 36 காட்டியது. அன்று ஹில்மா ஹூக்கர் போவதாகத் திட்டம். 1984-ல் மூழ்கிய அந்தச் சரக்குக் கப்பல் கிடக்கும் தரை கிட்டத்தட்ட 30 மீட்டர், 36 சதவீதத்துக்கு 29 மீட்டருக்குக் கீழே போகக்கூடாது, ஆழத்தில் அவ்வளவு ஆக்சிஜன் நஞ்சாகிவிடும். அளக்காமல் இறங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றைக்கும் யோசிக்கிறேன். கடையில் இருந்த அனலைசரின் சென்சார் செத்துப்போய் எத்தனை நாளோ.

மூச்சுக்காற்று:
கரீபியனில் ஆறு வருடம் பயிற்றுநராக வேலை பார்த்தவன், அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன். உப்புக்காற்றில் எல்லாமே அரிக்கும், உதிரிபாகம் எல்லாம் வெளியிலிருந்துதான் வர வேண்டும், இடத்தை வாங்கும் ஆள் முதலில் அறையில் பணம் போடுவார், ஏனென்றால் படத்தில் தெரிவது அதுதான். டேங்கில் காற்றடைக்கும் கம்ப்ரசரில் போட்ட பணம் யார் கண்ணுக்கும் படாது. ஆனால் நீங்கள் மூச்சுவிடப் போவது அதிலிருந்து வரும் காற்றை. ஃபில்டர் கடைசியாக எப்போது மாற்றினார்கள், காற்றைச் சோதித்த அறிக்கை இருக்கிறதா, காற்றை இழுக்கும் குழாய் வண்டிப்புகை வரும் பக்கம் இருக்கிறதா என்று கேளுங்கள். எண்ணெய் வாடை வந்தால் அந்த டேங்க் வேண்டாம், வாடை இல்லாவிட்டாலும் கார்பன் மோனாக்சைடு இல்லை என்று ஆகிவிடாது, அதற்கு வாசனையே கிடையாது. அவசரத்துக்கான ஆக்சிஜன் பெட்டி எங்கே, சிலிண்டர் நிரம்பியிருக்கிறதா என்பதையும் போன அன்றே கண்ணால் பாருங்கள்.

ஒன்று மட்டும் புது முதலாளி தலையில் போடாதீர்கள். பாறை 2019-ல் பார்த்தது மாதிரி இருக்காது. பவளத்தின் திசுவை அரிக்கும் ஒரு நோய் 2014-ல் ஃபுளோரிடாவில் தொடங்கி 2023-ல் போனேருக்கும் வந்துவிட்டது, அதே வருடம் கடல் சூடாகிப் பவளம் வெளுப்பதும் சேர்ந்துகொண்டது. நூறு வருடம் வளர்ந்த மூளைப் பவளம் சில வாரத்தில் வெறும் வெள்ளை எலும்பாக நிற்பதைப் பார்த்தால் மனசு தாங்காது. 1979-லிருந்து கடல் பூங்காவாகக் காத்துவந்த இடம், கையுறை போடக்கூட அனுமதி இல்லாத இடம் அது. நோயைப் பரப்பாமல் இருக்க, ஒரு இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்குப் போகும் முன் உபகரணங்களைக் கிருமிநாசினி போட்டுக் கழுவுங்கள். ரிசார்ட்டில் அதற்குத் தொட்டி வைத்திருக்கிறார்களா என்று பார்த்தாலே அவர்கள் அக்கறை தெரிந்துவிடும்.

அப்புறம், மகளுக்கு ஹில்மா ஹூக்கர் இப்போது வேண்டாம். அவள் சான்றிதழுக்கு 18 மீட்டர் ஆழம் வரைதான், கப்பலின் மேல்பக்கமே அங்கேதான் ஆரம்பிக்கிறது.

மஞ்சக்கல்:
போனேரில் ரிசார்ட்டையே நம்பியிருக்கத் தேவையில்லையே. ஒரு பிக்கப் எடுத்துக்கொள்ளுங்கள், வேறு நல்ல கடையில் டேங்க் நிரப்பிக்கொள்ளுங்கள், ரோட்டோரம் மஞ்சள் பெயின்ட் அடித்த கல் தெரியும் இடமெல்லாம் டைவ் தளம்தான். வண்டிக்குள் மட்டும் எதையும் வைத்துவிட்டு இறங்காதீர்கள்.

கடலோடி:
எல்லோருக்கும் நன்றி. நீலக்கரை, அந்த 36 விஷயத்தை மனைவியிடம் படித்துக் காட்டினேன், உடனே அனலைசர் ஒன்று வாங்கச் சொல்லிவிட்டாள். காற்றுச் சோதனை அறிக்கையையும் ஏணியைச் சரிசெய்தார்களா என்பதையும் கேட்டு ரிசார்ட்டுக்கு இன்று மின்னஞ்சல் போட்டிருக்கிறேன். ஒரு வாரத்தில் ஒழுங்கான பதில் வராவிட்டால் முன்பணம் போனாலும் பரவாயில்லை, வேறு இடம் பார்க்கிறோம். பதில் வந்தால் இங்கேயே போடுகிறேன்.