தாத்தாவின் ஏரி

பெரியம்மா: வரும் ஞாயிறு அப்பா போய் ஒரு வருஷம். அந்த ஏரி போட்டோவைப் பார்த்து நாம் ஆளுக்கொன்றாக வரையும் ஐந்து படத்தையும் கூடத்துச் சுவரில் வரிசையாக மாட்ட வேண்டும். யார் யாருக்கு முடிந்தது?

சித்தி: முடிந்தது அக்கா

அண்ணன்: தண்ணீர் மட்டும் பாக்கி அம்மா

மாமா: முடித்துவிட்டேன். வானம் இன்னும் கையில் ஒட்டுகிறது.

பெரியம்மா: எப்போது போட்டாய்?

மாமா: நேற்று ராத்திரி. கத்தியால்.

சித்தி: அப்பா பெயிண்ட் குழைக்கும் பேலட் கத்தியா?

மாமா: அதை அப்பா எனக்குத்தான் கொடுத்தார்.

பெரியம்மா: அந்தப் பேச்சு இப்போது வேண்டாம். தம்பி, ஆயில் பெயிண்ட் ஈரத்துணி மாதிரி காய்வதில்லை. ஆளிவிதை எண்ணெய் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்துதான் இறுகும். பர்ன்ட் அம்பர் என்ற பழுப்பு நிறத்தை மெல்லியதாகப் பூசினால் ஓரிரு நாளில் இறுகிவிடும், அதிலுள்ள மாங்கனீசு இறுகுவதை வேகப்படுத்தும். டைட்டானியம் வெள்ளையைக் கத்தியால் அப்பினால் வாரக்கணக்காகும். அதனால்தான் அடியில் பெயிண்டை நீர்க்கவைக்கும் டர்பன்டைன் அதிகம், மேலே போகப் போக எண்ணெய் அதிகம் என்று படித்துப் படித்துச் சொன்னேன். அடிப்பூச்சு இறுகும் முன் மேற்பூச்சு இறுகினால் விரிசல் விடும்.

மாமா: ஃபேன் போடட்டுமா?

பெரியம்மா: தூசி வந்து ஒட்டும். வெளிச்சமான இடத்தில் சும்மா வை.

அண்ணன்: வார்னிஷ்?

பெரியம்மா: கூடவே கூடாது. ஆறு மாதமாவது போகட்டும்.

நான்: பெரியம்மா, பிரஷ் துடைத்த துணியெல்லாம் ஒரு பையில் சேர்த்து வைத்திருக்கிறேன். எங்கே போடுவது?

பெரியம்மா: ஐயோ, முதலில் அதை வெளியே எடு! எண்ணெய்த் துணி கசங்கிக் குவிந்து கிடந்தால் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். வெளியே ஒவ்வொன்றாக விரித்துப் போடு.

சித்தி: [படம்]

மாமா: மலை ஏன் கத்தரிப்பூ நிறத்தில் இருக்கிறது?

சித்தி: போட்டோவில் அப்படித்தானே இருக்கிறது

மாமா: போட்டோவில் இருக்கும். நான் பார்த்தது நீலம்.

சித்தி: அண்ணா, நீ பார்த்து நாற்பது வருஷம் ஆகிறது

மாமா: ஆனால் என்ன. நீலம்தான்.

பெரியம்மா: இரண்டு பேரும் பொறுங்கள். பழைய கலர் போட்டோக்கள் பலவற்றில் சயான் என்ற பச்சை கலந்த நீலச் சாயம் முதலில் வெளுத்துவிடும், சிவப்பு தூக்கலாகத் தெரியும். இந்த ஊதா அப்படி வந்ததாகத்தான் இருக்க வேண்டும். நமக்கும் மலைக்கும் நடுவில் இருக்கும் காற்று நீல ஒளியை அதிகம் சிதறடிக்கும், அதனால் தூரத்து மலை நீலம் பாய்ந்துதான் தெரியும்.

சித்தி: அப்படியானால் நான் மாற்ற வேண்டுமா? நான்கு வார வேலை அக்கா

நான்: நானும் ஊதாதான்

அண்ணன்: நான் பச்சை

சித்தி: பச்சையா!

அண்ணன்: 1869இல் பிரெஞ்சு ஓவியர்கள் மோனேயும் ரெனுவாரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து லா க்ரெனுயேர் என்ற ஆற்றங்கரையை வரைந்தார்கள். ரெனுவார் ஆட்களைக் கவனித்தார், மோனே தண்ணீரைக் கவனித்தார். இரண்டும் ஒன்று போலவா இருக்கிறது?

மாமா: மலையை யாரும் பச்சையாக்கவில்லையே.

அண்ணன்: அந்தப் படத்தில் மலையே இல்லை மாமா. அம்மா, உங்கள் மலை என்ன நிறம்?

பெரியம்மா: மூன்று முறை சுரண்டிவிட்டேன். இன்னும் எனக்கே பிடிபடவில்லை.

சித்தி: மலை இருக்கட்டும். மரத்தடியில் யாருமே ஆள் போடவில்லையா?

பெரியம்மா: போட்டோவில் ஆள் இல்லையே.

சித்தி: எடுத்தது அப்பா, அதனால்தான் இல்லை. ஆனால் அங்கேதானே உட்கார்ந்து வரைவார். என் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள்

மாமா: தெரிகிறது. தொப்பி.

மாமா: கால்மேல் கால்.

நான்: இதை நான் முதலில் கவனிக்கவே இல்லை சித்தி

மாமா: நீ மலையை மாற்றாதே.

அண்ணன்: அப்புறம், நடுவில் யார் படம்?

பெரியம்மா: ஞாயிறு நேரில் பார்த்துக்கொள்ளலாம். ஈரப் படத்தை மாட்டுவதா வேண்டாமா என்றும் யோசிக்க வேண்டும்.

மாமா: ஈரத்தோடேயே கொண்டு வருகிறேன். கத்தியையும்.

சித்தி: பாப்பா, துணியை எடுத்தாயா?

நான்: விரித்துப் போட்டுவிட்டேன் சித்தி